மெரினா மணலில் முதல் உரிமை யாருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மெரினா கடற்கரை முதன்மையாக யாருக்கு? சுற்றுலாப் பயணிகளுக்கா, சென்னை மக்களுக்கா?' இதுதான் இன்றைய தலைப்பு. சுற்றுலாவுக்கே என்று எதிரணித் தலைவர் அழகாக வாதாடிவிட்டுப் போனார். வெளியூர்க்காரர் வந்தால் ஊருக்கு வருமானம் என்றார். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்றான நீலக் கொடித் தரம் வந்தால் கடற்கரை சுத்தமாகும் என்றார். மெரினாவுக்கு உலகப் புகழ் இருக்கிறது, அதற்கேற்ப அதை மாற்ற வேண்டும் என்றார். நான் சென்னை மக்களுக்கே என்ற அணி. அவர் கடைசியாகச் சொன்ன புகழிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் புகழ் எப்படி வந்தது? ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் கடலோர நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அவர் பாதைதான் போட்டார், இவ்வளவு மணலை அவர் கொட்டவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். அந்த வழியில் துறைமுகச் சுவர் குறுக்கே எழுந்தது. மணல் இந்தப் பக்கம் தேங்கியது, மெரினா அகலமாகிக்கொண்டே போனது. போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே வீடுகள் போயின, கருங்கல் கொட்டித்தான் மிச்சக் கரையைக் காப்பாற்றி வருகிறார்கள். நடுவர் அவர்களே, நாம் காலாற நடக்கும் இந்த மணலுக்கு விலை கொடுத்தவர்கள் வடசென்னை மக்கள். எதிரணி யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

மணலுக்குப் பிறகு அதன் மேல் நடந்ததைப் பார்ப்போம். விடுதலைப் போராட்டக் காலத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரை என்றாலே பொதுக்கூட்டம்தான். திலகர் திடல் என்ற பெயர் வந்ததே அதனால்தான். 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை வந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவரும் ஔவையும் கண்ணகியும் வரிசையாக எழுந்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவு பகலாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மதுரையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும் பயணி இதையெல்லாம் பார்க்கத்தானே வருகிறார்? ஊர்க்காரர்கள் இந்த மணலில் வாழ்ந்ததால் வந்த புகழ் இது. அந்த வாழ்க்கையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புகழை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சாயங்காலம் ஐந்து மணி. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று பறக்கும் ரயில் நிலையங்களில் கூட்டம் இறங்கும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராக வாழும் குடும்பம், திருமணம் நிச்சயமாகித் தனியாகப் பேச இடமில்லாத இருவர், ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கிலிருந்து வந்த பையன்கள். அந்தப் பையன்களையும் சென்னை மக்கள் என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் சுற்றுலா வரவில்லை, இந்த ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மெரினாதான் வாசல் திண்ணை. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கினால் நான்கு பேர் கை வைப்பார்கள். காசே இல்லாவிட்டாலும் அலையில் கால் நனைக்கலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

காணும் பொங்கல் அன்று போய்ப் பாருங்கள். லட்சக்கணக்கில் மக்கள். சின்னக் குழந்தைகள் கையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் கட்டிவிடுவார்கள். யாரும் கடலில் இறங்கிவிடாமல் தடுப்புக் கட்டுவார்கள். அந்தக் கடல் அவ்வளவு ஆபத்தானது. கரையை ஒட்டியே ஆழம் இறங்கும், திரும்பிப் போகும் நீர் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இது வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது, நொச்சிக்குப்பத்து மீனவருக்குத் தெரியும். யாராவது சிக்கிக்கொண்டால் குதிக்கிறவர்களில் அந்தக் குப்பத்து இளைஞர்களும் உண்டு.

அந்த மீனவர்களை நாம் எப்படி நடத்தினோம்? 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2023 ஏப்ரலில் மெரினா வளைவுச் சாலையோர மீன் கடைகளை எடுக்க வந்தார்கள், மறுபடியும் போராட்டம். மறு வருடம் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கடற்கரை அழகாக வேண்டும் என்று யாராவது சொன்னவுடன், முதலில் நகர்த்தப்படுவது ஏன் எப்போதும் மீன் கூடையாகவே இருக்கிறது?

சரி, சுத்தம் பற்றிச் சொன்னார்கள். சுத்தம் வேண்டும், அதில் இரண்டு பேச்சே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் கோவளம் கடற்கரை 2021இல் நீலக் கொடி வாங்கியது, நல்ல செய்தி. அந்தக் கொடிக்கு 33 அளவுகோல்கள் உண்டு. தண்ணீரின் தரம், உயிர்காப்பு வசதி, கழிப்பறை எல்லாம் அதில் வரும். இவையெல்லாம் தினமும் வருகிற சென்னைக்காரருக்குத்தான் முதலில் தேவை. கூவம் கடலில் கலக்கும் இடத்தைச் சரி செய்யாமல் கரையில் மூங்கில் குடை நட்டால் கொடி கிடைக்கலாம், கடல் சுத்தமாகாது.

நடுவர் அவர்களே, மெரினாவில் அண்மைக் காலத்தில் நடந்த மிக நல்ல காரியம் எது என்று என்னைக் கேட்டால், அந்த மரப்பாதையைத்தான் சொல்வேன். சக்கர நாற்காலி மணலில் இறங்கினால் அரையடி புதையும், அப்புறம் நகராது. வருடத்தில் ஏதோ சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், மறுபடி எடுத்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பர் கடைசியில் நிரந்தர மரப்பாதை வந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, கடலைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் அன்று அலைக்கு அருகில் போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பாதையைப் பிய்த்துப் போட்டது, மறுபடி சரி செய்தார்கள். எந்தச் சுற்றுலாக் கணக்கும் பார்த்து இதைப் போடவில்லை. ஊர் மக்கள் கேட்டார்கள், போட்டார்கள். இன்று வெளியூரிலிருந்து வரும் முதியவரும் அதில்தான் கடல் வரை போகிறார்.

இதற்கு நேரெதிரான நாள் ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் 6, விமானப்படை சாகசக் காட்சி. கொளுத்தும் வெயிலில் பெருங்கூட்டம். குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தார்கள், ரயில் நிலையங்களில் நெரிசல். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கடற்கரையைக் காட்சி மேடையாகப் பார்க்கும்போது மேடைதான் கண்ணில் படுகிறது, நிற்கிற மனிதர்கள் படுவதில்லை. நிழல், குடிநீர், கழிப்பறை, ரயில் ஆகியவை அன்றாடம் வருகிறவருக்குப் போதுமான அளவில் இருந்தால், விசேஷ நாளிலும் அவை ஓரளவு கை கொடுக்கும்.

மணி அடித்துவிட்டார்கள், வருமானத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன். சுண்டல் விற்கும் பையன், பஜ்ஜிக் கடை அக்கா, பலூன் சுடும் பலகை வைத்திருப்பவர், ராட்டினக்காரர் என்று இவர்கள் பிழைப்பதும் வருமானம்தான். அது வருடம் முழுக்க உள்ளூர்க் கூட்டத்தால் வருகிறது. சுற்றுலா வருமானம் பெருக வேண்டுமென்றால் ஒரு நாள் நுழைவுக் கட்டணம் என்ற பேச்சும் வரும். எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் கேட்கிறேன்: அப்படி வந்தால், காணும் பொங்கலுக்கு வியாசர்பாடியிலிருந்து கட்டுச்சோற்றோடு வரும் எட்டுப் பேர் குடும்பத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடருங்கள். நன்றி, வணக்கம்.