விறகு சும்மா கிடைக்கிறதா?

தாய்மார்களே, பின்னால் நிற்கிற அண்ணன் தம்பிகளே, வணக்கம்.

என் அம்மா அடுப்பு போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புற்றுமண்ணோடு உமியும் கொஞ்சம் சாணமும் சேர்த்து மிதித்து ஊறவைப்பார். அடுப்பு வாயைக் கட்டி, மேலே மூன்று குமிழ் வைத்து, பக்கத்திலேயே கொடி அடுப்பைச் சேர்ப்பார். கொடிக்குத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போதே உள்துளை வழியாக அனல் அங்கே போகும். ரசம் சூடாகும், பால் காயும். வீணாகப் போகிற சூட்டை இன்னொரு பாத்திரத்துக்குத் திருப்பிய அறிவு அது. இலங்கையில் 1980களிலிருந்து பரவிய ‘அனகி’ மண் அடுப்பும் இப்படித்தான், ஒரே தீயில் இரண்டு பானை. 2022இல் அங்கே சிலிண்டருக்கு ஜனங்கள் வரிசையில் நின்றபோது, பல வீடுகளில் விறகு அடுப்புதான் சோறு போட்டது.

ஆகவே மண் அடுப்பை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். ஆனால் அதே அம்மா ஐம்பது வயதுக்குள் இருமத் தொடங்கினார். வெயில், தூசி, பனி என்று எல்லாவற்றையும் சொன்னோம். அடுப்பை மட்டும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

புகை என்பது முழுசாக எரியாத விறகு. ஈரச் சுள்ளியை வைத்தால் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும். வாய் நிறையத் திணித்தால் காற்று நுழையாது. நன்றாகக் காய்ந்த கருவேல விறகை மெல்லியதாகப் பிளந்து, இரண்டு மூன்றாக வைத்து, சாம்பலை அவ்வப்போது வாரிவிட்டாலே புகை குறையும்.

1983இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது, 2002இல் அது நின்றது. எத்தனையோ வீடுகளில் புகைபோக்கி கரி அடைத்துக் கிடந்தது. சமைக்கிறவளிடம் பானை அளவைக்கூடக் கேட்காமல் போட்டால் வேறென்ன நடக்கும்?

சரி, கேஸ்? 2007இல் நம் தமிழ்நாட்டில் இலவச கேஸ் அடுப்பு வந்தது, 2016இல் ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. அடுப்பு வந்த வீட்டிலும் 14.2 கிலோ சிலிண்டரை மறுபடி வாங்கக் காசு வேண்டுமே. அப்போது, “விறகு சும்மா கிடைக்கிறதே” என்கிறோம். பொறுக்கப் போன நேரம், சுமந்த கழுத்து, ஊதிய நெஞ்சு இதெல்லாம் யார் கணக்கில் எழுதியிருக்கிறது? பின்னால் நிற்கிறவர்களைத்தான் கேட்கிறேன். வீட்டுச் செலவில் சிலிண்டர் பணத்தை அரிசிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வேளைச் சமையல் கேஸில் நடக்கட்டும். வெந்நீர், நெல் அவிப்பது போன்றவற்றுக்கு விறகு அடுப்பு போதும், அதுவும் வெளியே தாழ்வாரத்தில், கைக்குழந்தை பக்கத்தில் இல்லாமல்.

வேப்பமரத்தடியில் நம் அக்கா ஒருவர் இன்று காலை ஒரு கொடி அடுப்பு போட்டு வைத்திருக்கிறார். போய்ப் பாருங்கள். ஈரம் காயவில்லை, தூக்கிவிடாதீர்கள்.