இடுப்பும் வயிறும் ஒரே தாளில்

வணக்கம் நேயர்களே.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை எங்கள் லயத்தில் யாரும் நோயென்று சொன்னதில்லை. தைலம் தேய்ப்பார்கள், யாரையாவது கூப்பிட்டு உருவிவிடச் சொல்வார்கள், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். 29 வயதில் எனக்கு வலி வந்தபோது, அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் என்று இருந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வயிறு கெட்டிருந்தது. நாளுக்கு ஏழெட்டு முறை கழிவறை; சில நாள் ரத்தமும் சளியும். உடம்புச் சூடு, மூலமாக இருக்கும், இளநீர் குடி என்றார்கள். குடித்தேன். பிறகு ஈப்போவில் குழாய் விட்டுப் பார்த்துத்தான், பெருங்குடலில் புண்ணோடு கூடிய நாள்பட்ட அழற்சி என்று தெரிந்தது.

வயிற்றுக்கு ஒரு மருத்துவர், இடுப்புக்கு இன்னொருவர். எலும்பு பார்க்கிறவரிடம் போய் மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. அவரும் கேட்கவில்லை. வலி மாத்திரை கொடுத்தார். வலி குறைந்தது, மூன்றாவது வாரம் ரத்தப்போக்கு திரும்பியது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் குடல் அழற்சி உள்ள சிலருக்கு நோயைக் கிளப்பிவிடக்கூடும். கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

என் வலி பின்னிரவு மூன்று, நான்கு மணிக்கு எழுப்பிவிடும். கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் புரள முடியும். சுவரில் கை ஊன்றிச் சமையலறைக்குப் போவேன், தண்ணீரை அடுப்பில் வைப்பேன், விளக்குமாற்றை எடுத்து வாசலுக்கு வருவேன். முதலில் குனியவே முடியாது. வேலிவரை கூட்டி முடிக்கும்போது நிமிர்ந்து நடப்பேன். அம்மாவுக்கு இது நேர்மாறு: குனிந்து வேலை செய்தால் வலி, படுத்தால் சுகம். இத்தனை ஆண்டும் இரண்டையும் ஒன்றென்று நம்பியிருக்கிறேன்.

ஓர் இளம் மருத்துவர்தான் கேட்டார்: "காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் இருக்கும்?" முக்கால் மணி நேரம் என்றேன். "வயிறு எப்படி?" என்றார். அன்றுதான் இரண்டையும் ஒரே அறையில் சொன்னேன்.

பெருங்குடல் அழற்சியோ, கிரோன் என்ற இன்னொரு நாள்பட்ட குடல் அழற்சி நோயோ உள்ளவர்களில் சிலருக்கு, முதுகுத்தண்டின் அடியில் இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலும் அழற்சி வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அகப்படாமல் எம்ஆர்ஐ படத்தில் தெரியலாம். வயிறு அடங்கியிருக்கும் மாதங்களிலும் இடுப்பு வலிக்கலாம். என்னை ஏமாற்றியது அதுதான். எனக்கு இப்போது அழற்சியை அடக்கும் அடலிமுமாப் என்ற ஊசி. குடலுக்கும் மூட்டுக்கும் சேர்த்தே உதவுகிறது. அதைத் தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தினமும் உடற்பயிற்சி செய்கிறேன், வலிக்கும் நாளிலும். காரம், பால் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். என் பத்தியத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

செம்பனைக் குலை வெட்டி வரும் இடுப்பு வலியெல்லாம் இதுவல்ல. பெரும்பாலும் அது தசையின் வலி, ஓய்வில் குறையும். ஆனால் 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதம் தாண்டியும் ஓய்வில் குறையாமல் நடந்தால் குறைகிறது, வயிறும் சரியில்லை என்றால் தயங்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இன்னொன்று: கால் திடீரென்று பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனால், வழக்கமான வயிற்றுக் கோளாறு என்று காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வலி எழுப்பியது, விறைப்பு எவ்வளவு நேரம், எத்தனை முறை கழிவறை, ரத்தம் உண்டா, கடையில் வாங்கிய மாத்திரையின் பெயர் என்ன. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால், தாளை மேசைமேல் வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நன்றி, வணக்கம்.