பல் கரையும், அடைத்தது நிற்கும்

வணக்கம். கொஞ்ச நாள் முன்னால் ஒருவர் வந்து, "டாக்டர், நீங்க வச்ச ஃபில்லிங் மேலே எழும்பி நிக்குது, நாக்குல இடிக்குது" என்றார். பார்த்தேன். வெள்ளி அடைப்பு வைத்த இடத்தில்தான் இருந்தது, சுற்றியிருந்த பல்தான் கரைந்து கீழே போயிருந்தது. தண்ணீர் வற்றிய குளத்தில் பாறை தெரியுமே, அப்படி.

விசாரித்தால், இரண்டு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து, பேப்பர் படித்தபடியே அரைமணி நேரம் மடக்கு மடக்காகக் குடிக்கிறார், முடித்த கையோடு பல் தேய்க்கிறார். கெடுதல் அந்த அரைமணியிலும் அந்த பிரஷ்ஷிலும்தான்.

நம் உடம்பிலேயே கடினமானது பல்லின் எனாமல். ஆனால் வாயில் பிஎச் (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் அதுவும் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5 வரை, கோலாவும் கிட்டத்தட்ட அதேதான். சர்க்கரை இல்லாத கோலா என்றால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். சொத்தைக்குத்தான் சர்க்கரையும் கிருமியும் வேண்டும், இங்கே அமிலம் நேராகவே வந்துவிடுகிறதே!

புளிப்புப் பட்டதும் எனாமலின் மேல்பரப்பு இளகிப்போகும், எச்சில்தான் மெதுவாக அதைச் சரிசெய்யும், அதற்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதற்குள் பிரஷ் போட்டால் இளகியதைச் சுரண்டி எடுக்கிறோம். சரி, ரசத்தையும் புளிக்குழம்பையும் விட்டுவிடணுமா? வேண்டவே வேண்டாம். சோற்றோடு மென்று விழுங்கும்போது எச்சில் நன்றாக ஊறும்.

அடைப்புகளிலும் வித்தியாசம் உண்டு. வெள்ளியை அமிலம் அவ்வளவாகத் தொடாது. பல் நிறத்தில் வைக்கும் கிளாஸ் அயனோமர், குறிப்பாக ஈறு ஓரத்தில் வைப்பது, அமிலத்தில் தேயும். அதே நிறத்தில் வைக்கும் இன்னொரு வகையான காம்போசிட், அதாவது பிசின் கலவை, தாங்கும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் பல்லின் விளிம்பு கரைந்தால் இடைவெளி விழும். அதனால் அடைப்பதற்கு முன்பே, என்ன குடிக்கிறீர்கள், ராத்திரி நெஞ்செரிச்சல் உண்டா என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்று அமிலம் ஏறி வருகிறவர்களுக்கு மேல் முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்திருக்கும், கண்ணாடியில் தெரியாது. மசக்கையில் வாந்தி எடுக்கிறவர்கள் உடனே பல் தேய்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடா கலந்து கொப்பளித்தால் போதும்.

அந்த நோயாளியிடம் எலுமிச்சையை விடச் சொல்லவில்லை. முதலில் ஃப்ளூரைடு பேஸ்டில் பல் தேய்த்துவிட்டு, அப்புறம் ஒரே மூச்சில் குடித்து, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். "பேப்பர் படிக்கும்போது என்ன குடிக்கறது?" என்றார். காபி குடியுங்கள் என்றேன், சர்க்கரை போடாமல்.