இடுக்கி யார் கையில்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொரியாவில் இறைச்சியை மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் கடைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சியோலுக்குத் தெற்கே சுவோன் நகரத்தில் வேலை பார்த்தவன் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். அந்த ஊருக்கும் மாட்டிறைச்சிக்கும் பழைய உறவு. ஜோங்ஜோ மன்னர் 1794 முதல் 1796 வரை அங்கே ஹ்வாசோங் கோட்டையைக் கட்டினார். புது ஊரில் குடியேறியவர்கள் பயிர் செய்ய மாடுகளும் கொடுத்தார். நாளடைவில் பெரிய மாட்டுச் சந்தை வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஜோசோன் அரச மரபினர், உழவுக்கு வேண்டும் என்று, மாட்டை அறுக்கத் திரும்பத் திரும்பத் தடை போட்டவர்கள். திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்ததென்றால் அந்தத் தடையை ஊர் எப்படி மதித்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! இன்று சுவோன் கல்பி என்றால் நாடு முழுக்கப் பெயர். கல்பி என்பது விலா எலும்போடு சேர்ந்த இறைச்சி. மற்ற ஊர்களில் சோயா சாஸில் ஊறவைப்பார்கள். சுவோன்காரர்கள் உப்பை நம்புகிறவர்கள். எலும்பும் அங்கே ஒரு சுற்றுப் பெரிது.

கடைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது கூரையிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் மேலே தொங்கும் குழாய். புகையை உறிஞ்சுவதற்கு. வேண்டிய உயரத்துக்குக் கையால் இழுத்து இறக்கிக்கொள்ளலாம். மேசை நடுவில் ஒரு குழி. நீங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் ஒருவர் கணகணவென்று கனன்றுகொண்டிருக்கும் அடுப்புக்கரியை இரும்புச் சட்டியில் தூக்கி வந்து, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லி, அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டுப் போவார். சமையற்கட்டில் இருப்பவர்கள் வெட்டுவார்கள், ஊறவைப்பார்கள். சுடுவது நம் பாடு. சில கடைகளில் ஊழியர்களே நின்று சுட்டுத் தருவார்கள். எனக்கு அதில் பாதி ருசி போய்விடும்.

கூடவே ஓர் இடுக்கியும் ஒரு கத்தரிக்கோலும் வரும். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்கோலா என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். அந்த இடுக்கியை யார் எடுப்பது என்பதில்தான் முழு விருந்தின் போக்கும் இருக்கிறது. அலுவலக விருந்து என்றால் பெரும்பாலும் வயதில் இளையவர் கை நீளும். ஆனால் இடுக்கியை யாரிடமும் விடாத மேலாளர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் திருப்பினால் அவர்களுக்குப் பொறுக்காது.

பொறுக்காததற்குக் காரணமும் உண்டு. சம்கியொப்சல் என்ற பன்றி வயிற்று இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிகுதியாகச் சாப்பிடுவது இதைத்தான். மார்ச் 3ஆம் தேதியை இதற்கென்றே ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும். மசாலா கிடையாது, பல கடைகளில் உப்புக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். கெட்டியான துண்டை முழுசாக, கரிக்கு மேல் இருக்கும் சுடுதட்டில் போட வேண்டும். போட்டதும் கிளறக் கூடாது. ஓரம் வெளுத்து, மேலே நீர் முத்து முத்தாகக் கட்டும்போது ஒரே திருப்பு. அடிப்பக்கம் பொன்னிறமானதும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, வெட்டிய துண்டுகளைப் பக்கவாட்டில் நிறுத்திச் சிவக்க விடுவார்கள். தட்டு சற்றுச் சரிவாக இருக்கும். உருகிய கொழுப்பு கீழே வடியும் இடத்தில் கிம்ச்சி எனும் காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸையும் பூண்டையும் வைத்துவிடுவார்கள். அந்தக் கொழுப்பில் வதங்கிய புளித்த கிம்ச்சி இருக்கிறதே, அதற்காகவே நான் இன்னொரு முறை போவேன்.

மசாலா இல்லாத இறைச்சியை நாம் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். ருசி அடுப்பில் கூடுவதில்லை, உள்ளங்கையில் கூடுகிறது. இடது கையில் ஒரு லெட்டூஸ் இலை. அதன் மேல் பெரில்லா இலை. துளசிக் குடும்பத்துச் செடிதான், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நடுவில் ஒரு துண்டு இறைச்சி, சம்ஜாங் எனும் புளிக்கவைத்த சோயா விழுது ஒரு சொட்டு, பூண்டுச் சீவல், பச்சை மிளகாய். மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லாம் சிந்தி மானம் போகும். சுடுகிறவருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அதனால் பக்கத்தில் இருப்பவர் ஒரு பொதி மடித்து அவர் வாயில் ஊட்டுவார். முதல் தடவை கூச்சமாக இருந்தது. பிறகு நானே வாயைத் திறந்துவிடுவேன்.

சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பான்சான் எனும் தொடுகறிகள் வரும்: கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி ஊறுகாய். தீர்ந்தால் கேளுங்கள், காசில்லாமல் மறுபடி வைப்பார்கள். மேசையில் அழைப்பு மணி பொத்தான் இருக்கும். கத்திக் கூப்பிடத் தேவையில்லை, ஆனாலும் கத்துவார்கள்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மாடு சாப்பிடாதவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் உட்காரும் முன்பே எது எந்த இறைச்சி என்று கேட்டுவிடுவது நல்லது. எந்த நாட்டு இறைச்சி, எந்த நாட்டு அரிசி என்பதைச் சுவரில் எழுதிப் போட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. சைவர்கள் பாடு திண்டாட்டம்தான். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். பருப்பு மணம் வீசுகிறதே என்று நம்பிக் குடிக்கும் சோயா விழுதுக் குழம்பிலும் நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கும் சிக்கல் உண்டு. பல கடைகளில் இரண்டு பேர் பங்குக்குக் குறைந்து தர மாட்டார்கள். கரி மூட்டுகிற செலவு அவர்களுக்கு ஒன்றுதானே.

சோஜு எனும் கொரிய மதுவைக் குடிப்பவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை. பெரியவர் ஊற்றினால் இரண்டு கைகளாலும் வாங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடிப்பார்கள். குடிக்காதவர்கள் சைடர் என்ற சோடாவை ஊற்றிக்கொள்ளலாம். இப்போதெல்லாம் யாரும் அவ்வளவாக வற்புறுத்துவதில்லை.

இறைச்சி முடிந்தால் சாப்பாடு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். “சாப்பாடு என்ன வேண்டும்?” என்று அப்போதுதான் கேட்பார்கள்! சோயா விழுதுக் குழம்போடு சோறு வாங்கலாம். ஐஸ் மிதக்கும் நெங்மியோன் நூடுல்ஸும் உண்டு. அதையும் கத்தரிக்கோலால்தான் வெட்டித் தருவார்கள். என் ஓட்டு மீதிக் கொழுப்பில் கிம்ச்சியோடு சோற்றைக் கொட்டி வறுத்துத் தருவதற்கு. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டத் தனிப் போட்டியே நடக்கும்.

பில்லை வாசலில் உள்ள கல்லாவில் கட்ட வேண்டும். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. பெரும்பாலும் ஒருவரே எல்லோருக்கும் கட்டுவார், அடுத்துப் போகும் காப்பிக் கடையில் இன்னொருவர் கட்டுவார். கல்லாவுக்குப் பக்கத்தில் துணிக்கு அடிக்கும் வாசனைத் தெளிப்பான் ஒன்று இருக்கும், தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.