வெளுத்த பவளம் செத்த பவளமா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “மாமா வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைப் பவளம் இருக்கிறது. கடல் சூடாகிப் பவளப்பாறை வெளுக்கிறது என்கிறார்களே, அதுவும் இப்படித்தானா? மறுபடி உயிர் வருமா?”

இல்லை அம்மா, இரண்டும் வேறு. மாமா வைத்திருப்பது வெறும் சுண்ணாம்புக் கூடு. உயிர் என்றோ போய்விட்டது. கடலுக்குள் வெளுத்து நிற்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால், கூட்டின் மேல் வெங்காயச் சவ்வு போல மெல்லிய சதை போர்த்தியிருக்கும். இரவில் பொடிப்பொடிக் கைகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். அது சாகவில்லை, அரைப்பட்டினி கிடக்கிறது.

ஏன் பட்டினி? பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்குப் பெரும்பங்கைக் கொடுப்பவை அவைதான். நிறமும் பெரும்பாலும் அவை தந்ததே. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் போதும், பாசியிலிருந்து நஞ்சு கசியத் தொடங்கும். பவளம் அதை வெளியே தள்ளிவிடும். சமைக்கிறவரையே வீட்டைவிட்டு அனுப்பிய கதை! சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நிறம் திரும்பும். தணியாவிட்டால் மாமா வீட்டு அலமாரிதான்.

எல்லாப் பவளமும் ஒரே அளவு சூட்டில் வீழ்ந்துவிடுவதில்லை. பசிபிக் கடலில் அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், கடல்நீர் இறங்கும்போது 34 டிகிரியைத் தாண்டும் குட்டைகளிலும் பவளம் வாழ்கிறது. தினமும் சுட்டுச் சுட்டுப் பழகியது.

செத்த பிறகும் மீண்ட பாறை உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே ஸ்காட் பாறைத்திட்டில் 1998 வெப்பத்தில் பெரும்பகுதி பவளம் அழிந்தது. குஞ்சுகளை அனுப்பி உதவ அருகில் வேறு பாறையும் இல்லை. ஆனாலும் 12 ஆண்டுகளில், தப்பிப் பிழைத்தவை வளர்ந்தும் பெருகியும் பாறையை மீட்டுவிட்டன. அங்கே ஆற்று வண்டல் இல்லை, பாறை மேல் படர்கிற பாசியை (பவளத்துக்குள் குடியிருப்பது அல்ல, இது வேறு) மேய்கிற மீன்கள் ஏராளம். கிளிமீன் போன்றவை மேயாவிட்டால் செத்த கூட்டின் மேல் பாசி அப்பிக்கொள்ளும், புதுக்குஞ்சு ஒட்ட இடமிருக்காது. சூட்டை உடனே குறைக்க நம்மால் முடியாது. மேய்கிற மீனை விட்டுவைக்கலாம், கழிவைக் கடலில் கொட்டாமல் இருக்கலாம்.

ஆனால் அந்த 12 ஆண்டு கிடைக்க வேண்டுமே. 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது நமக்குத் தெரியும். நட்ட கன்று காய்ப்பதற்குள் இன்னொரு தானே வந்திருந்தால்? பவளத்துக்கு அதுதான் நடக்கிறது. உலகளாவிய வெளுப்பு 1998, 2010, பிறகு 2014 முதல் 2017 வரை, மறுபடி 2023இல். நம் மன்னார் வளைகுடாவும் 2010, 2016 இரண்டு முறையும் வெளுத்தது.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, இனி ஜோடிக்கு இன்னொன்று வாங்க வேண்டாம். ரொம்பக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மீன் தொட்டியிலும் ஒரு காலத்தில் ஒன்று இருந்தது.