நடராஜரின் இடுப்பை யார் பார்த்தார்கள்?

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் நான் இங்கேயே உருகிவிடுவேன்.

கலை வரலாறு படிக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சிலையைப் பார்த்தால் எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடுவாயா?" சுமாராகச் சொல்வேன். ஆனால் நான் மண்டையை உடைத்துக்கொள்வது வேறு விஷயத்தில். ஒரே சிலையை நாலு பேர் நாலு விதமாகப் பார்த்தால் யாரை நம்புவது?

பாடத்தில் முதலில் வருபவர் சுவிட்சர்லாந்தின் கலை வரலாற்றாளர் வோல்ஃப்லின். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு, ஆழம், வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொல்பவர். அடுத்தவர் பனோஃப்ஸ்கி, உருவத்துக்குப் பின்னால் இருக்கும் அர்த்தத்தைத் தேடச் சொல்பவர். 1939ல் அவர் சொன்ன உதாரணம்: தெருவில் ஒருவர் தொப்பியைத் தூக்குகிறார். அது வணக்கம் என்பது அந்த ஊர் வழக்கம் தெரிந்தவருக்குத்தான் புரியும். தொப்பி எனக்கு ஒட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை ஒருவர் எடுத்து இடுப்பில் கட்டுகிறார் என்று மாற்றிக்கொண்டேன். வெளியூர்க்காரருக்கு அது துணி. நமக்கு அதில் சாதி, பயம், பண்ணையார் வீட்டு வாசல் எல்லாம் தெரியும்.

சரி, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜருக்கு வருவோம். சோழர் கால வெண்கலம், சுற்றி இருக்கும் நெருப்பு வளையமான திருவாசி கிடையாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் சென்னை அருங்காட்சியக நடராஜர்களைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு 1913ல் உருகி உருகி எழுதினார். எல்லாம் உடல், வளைவு, நிழல். அவர் சிற்பியாயிற்றே, வேறெதைப் பார்ப்பார்?

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி பார்த்தது கருத்தை. கொழும்பில் பிறந்தவர், அப்பா தமிழர், படித்தது நிலவியல். 1912ல் சித்தாந்த தீபிகை இதழில் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் நமக்கெல்லாம் மனப்பாடமான விளக்கம் உலகெங்கும் பரவியது. உடுக்கை படைத்தல், அபயக் கை காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். 'உண்மை விளக்கம்' என்ற சைவ சித்தாந்த நூலில் இருப்பது இது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டு நூல். நடராஜர் செம்புத் திருமேனியாகப் பரவத் தொடங்கியது 10ஆம் நூற்றாண்டில். பின்னால் வந்த நூலை வைத்து முன்னால் வார்த்த சிலையைப் படிக்கலாமா? பத்மா கைமல் என்ற ஆய்வாளர் 1999ல் இந்த இடத்தில்தான் கை வைத்தார். அந்தக் காலத்தில் இந்த உருவத்துக்கு ஒரே அர்த்தம் இருந்திருக்க வேண்டியதில்லை, அழிவின் ஆட்டமும் அதில் உண்டு என்றார். எனக்கு உடனே காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வந்தார். பேய்கள் சுற்றி நிற்கச் சுடுகாட்டில் ஆடும் இறைவனை அவர் பாடியது எந்த ஊரில்? இதே ஆலங்காட்டில்! குமாரசுவாமியின் விளக்கத்தில் அந்தச் சுடுகாட்டுச் சூடு எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. அதற்காக அவரைத் தூக்கி எறிய முடியுமா? முடியாது. அந்த விளக்கம் சைவர்களுடையது, அவர் கற்பனை செய்ததல்ல.

அப்புறம் நாலாவது ஆள், எங்கள் பாட்டி. "கோயிலில் சாமியை அப்படி யார் பார்ப்பார்கள்?" என்றார். சரிதானே! பட்டு, மாலை, நகை எல்லாம் சாத்தியபின் முகமும் கையும் பாதமும்தான் தெரியும். ரோதான் கொண்டாடிய இடுப்பு, அபிஷேகம் செய்யும் குருக்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வீதியில் நின்று கும்பிட்டவருக்கு அது பட்டுக்குள்ளே. உற்சவரின் பீடத்தில் தண்டு கோர்க்க வைத்த துளைகளைப் பாருங்கள். தோளில் ஏறி ஊர்வலம் போகச் செய்தது, கண்ணாடிப் பெட்டிக்காக இல்லை.

பாட்டிக்கு அடுத்த ஆருத்ரா தரிசனத்துக்குத் திருவாலங்காடு போக வேண்டுமாம். கேமராவோடு நானும் போகிறேன்.