தாடி முளைக்கிற வரைக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ஓர் இரவு வள்ளி திருமணம் நாடகம் இருக்கும். பத்து மணிவாக்கில் ஆர்மோனியம் கேட்கும், பபூன் வருவார், அப்புறம் ராஜபார்ட். கல்யாணம் முடிய விடிந்துவிடும். கதையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிற ஆச்சிக்கு, நாரதர் அடுத்து என்ன கேட்பார் என்பது நாரதருக்கு முன்னாலேயே தெரியும். ஆனாலும் முருகன் வேடக்காரர் மேடைக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "போன வருசம் வந்தவரு மாதிரி இல்லப்பா."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' என்கிற விண்வெளித் தொடர். பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு விண்கப்பல், அதற்கு ஒரு கேப்டன், பக்கத்தில் கூர்க்காது வைத்த அதிகாரி ஒருவர், வாரம் ஒரு புதுக் கிரகம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

1966 செப்டம்பர் 8-ம் தேதி என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. இரண்டாம் சீசனோடு மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டபோது ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். ஜான் டிரிம்பிள், பிஜோ டிரிம்பிள் என்கிற தம்பதி அதை முன்னின்று நடத்தினார்கள். 1968 மார்ச் 1-ம் தேதி, அன்றைய கதை முடிந்த கையோடு, "தொடர் தொடரும்" என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அப்படிப் பிழைத்தது மூன்றாம் சீசனை வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளியதில் படுத்துவிட்டது என்பது வேறு விஷயம். மொத்தம் 79 எபிசோடு. ஆனால் அந்தக் கடிதங்களை ரசிகர்கள் மறக்கவில்லை. 'நாங்கள் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை' என்கிற உரிமை அன்று வந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு புதுத் தொடரையும் அந்த உரிமையோடுதான் எடை போட்டார்கள். இன்றைக்குத் தொடர்கள் பத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் முதல் வரவேற்பு நம் ஆச்சி கொடுத்த வரவேற்புதான்.

1987-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தது. பழைய கேப்டன் கிர்க் இல்லை, கூர்க்காது ஸ்பாக் இல்லை. புதுக் கேப்டனுக்குத் தலையில் முடியும் இல்லை. பெயர் பிரெஞ்சுப் பெயர், நடித்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட் என்கிற இங்கிலாந்து மேடை நடிகர். எதிரி இனமான க்ளிங்கான் ஆள் ஒருவர் கப்பலின் கட்டுப்பாட்டு அறையிலேயே அதிகாரியாக நிற்கிறார். ரசிகர்கள் குதித்தார்கள்.

குதித்ததில் ஒரு நியாயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் போகக்கூடாது. முதல் இரண்டு சீசன் உண்மையிலேயே தடுமாற்றம்தான். கதை எழுதுகிறவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கப்பலில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் சண்டை போடக்கூடாது என்பது தொடரை உண்டாக்கிய ஜீன் ராடன்பெரியின் கட்டளை. மாமியார் மருமகள் சண்டை கூடாது என்று சொல்லிவிட்டு நம் ஊர் மெகா தொடரை எழுதச் சொன்ன மாதிரி. உடுப்போ உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரே துண்டு. வேண்டுமென்றே அளவு குறைத்துத் தைத்தது. நடிகர்களுக்கு முதுகுவலியே வந்துவிட்டது. 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாம் சீசன் 22 எபிசோடாகச் சுருங்கியது. அதன் முதல் கதை, எழுபதுகளில் எடுக்காமல் கைவிட்ட ஒரு தொடருக்கு எழுதி வைத்திருந்தது. கடைசிக் கதை பழைய காட்சிகளைக் கத்தரித்து ஒட்டியது. நேற்றைய சோற்றில் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றியது போல.

மூன்றாம் சீசன், 1989. மைக்கேல் பில்லர் என்பவர் எழுத்துக் கூடத்துக்குத் தலைமை ஏற்றார். உடுப்பு இரண்டு துண்டானது, கழுத்துப்பட்டை வந்தது, நடிகர்கள் மூச்சு விட்டார்கள். தொடரும் தேறியது. 1990 ஜூனில் அந்தச் சீசனின் கடைசி எபிசோடில் கேப்டனை எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்த் தங்களில் ஒருவராக மாற்றிவிடுகிறார்கள். 'தொடரும்' போட்டுவிட்டார்கள். செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். மூன்று வருஷம் முன்னால் "வழுக்கைக் கேப்டன் வேண்டாம்" என்றவர்கள், கோடை முழுக்க "அவருக்கு என்ன ஆகுமோ" என்று தவித்தார்கள்.

இதிலிருந்து ரசிகர்களிடம் ஒரு வழக்கு பிறந்தது. துணைக் கேப்டன் ரைக்கர் முதல் சீசனில் மழமழவென்று வந்தார். இரண்டாம் சீசனில் தாடியோடு வந்தார். அதனால் ஒரு தொடர் தடுமாறி நிமிர்ந்தால் "தாடி முளைத்துவிட்டது" என்பார்கள். கறாராகப் பார்த்தால் தாடி வந்தது இரண்டாவதில், தேறியது மூன்றாவதில். போகட்டும், பழமொழிக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம்.

ஆனால் வேறொரு கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் சீசன் 26, இரண்டாவது 22, ஆக 48 எபிசோடு. 48 எபிசோடு தடுமாறிய பிறகுதான் தேறியது. இன்றைக்கு ஒரு சீசன் என்பது பெரும்பாலும் பத்து எபிசோடு. 'பிக்கார்ட்' தொடர் முழுக்கவே 30. 'லோயர் டெக்ஸ்' முழுக்க 50. அதாவது அன்றைக்குத் தாடி முளைக்க எடுத்துக்கொண்ட காலத்தில் இன்றைக்கு ஒரு தொடர் பிறந்து, வளர்ந்து, முடிந்தே போகும். ரசிகர்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பொறுக்க எபிசோடு எங்கே இருக்கிறது?

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் ஒளிபரப்பு, மறுபக்கம் படப்பிடிப்பு. அக்டோபரில் திட்டினால் பிப்ரவரியில் சரி செய்ய வழி இருந்தது. இப்போது முதல் எபிசோடு வெளிவரும்போது சீசன் முழுக்க எடுத்து முடிந்திருக்கும். முதல் வாரத்தில் எவ்வளவு கத்தினாலும் அந்தச் சீசனில் ஒரு காட்சி மாறாது. அடுத்த சீசனில் மாறலாம். இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: க்ளிங்கான் நெற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும், நேரம் போனாலும் பரவாயில்லை.

க்ளிங்கான்கள் முதலில் வந்தது 1967-ல். பணம் குறைவு. முகத்தில் கருஞ்சாயம், ஒட்டுமீசை, ஒட்டுத்தாடி, வேடம் முடிந்தது. நெற்றி நம் நெற்றி போல வழவழவென்றுதான் இருந்தது. 1979-ல் சினிமா எடுத்தார்கள். கையில் காசு இருந்தது, நெற்றியில் மேடு வைத்தார்கள். நடு மண்டையில் முதுகெலும்பை எடுத்து ஒட்டியது போல. ஏன் மாறியது என்று யாரும் சொல்லவில்லை. 1987 தொடரில் வந்த வோர்ஃப் என்கிற க்ளிங்கான் அதிகாரிக்கும் மேட்டு நெற்றிதான். 1994-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், அறுபதுகளில் வழவழ நெற்றியோடு நடித்த அதே மூன்று நடிகர்களை, அதே பாத்திரங்களில், மேட்டு நெற்றி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். விளக்கம்? கிடையாது. நம் தொடர்களிலாவது "இனி இவருக்குப் பதில் இவர்" என்று அடியில் எழுத்துப் போடுவார்கள். அங்கே அதுவும் இல்லை.

அப்புறம் 1996. தொடரின் முப்பதாம் ஆண்டு. 1967-ல் எடுத்த பழைய எபிசோடுக்குள் புது ஆட்களைக் கம்ப்யூட்டர் வித்தையில் நுழைத்தார்கள். இப்போது மேட்டு நெற்றி வோர்ஃபும் வழவழ நெற்றி க்ளிங்கான்களும் ஒரே அறையில். தப்பிக்க வழியில்லை. கூட இருந்தவர்கள் வோர்ஃப் முகத்தையே பார்க்கிறார்கள். அவர் உம்மென்று, இதை நாங்கள் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்கிறார். கதை நகர்ந்துவிட்டது! என்னைக் கேட்டால் அங்கேயே விட்டிருக்க வேண்டும். வீட்டு விவகாரத்தை முகப்பில் உட்கார்ந்து பேசக்கூடாது என்று நம் அப்பத்தாமார் சொல்வார்கள் இல்லையா, அந்தப் பதில் அது. விடவில்லை. 2005-ல் 'எண்டர்பிரைஸ்' தொடரில் இரண்டு எபிசோடு செலவழித்து, மனித மரபணுவை வைத்து வீரர்களைப் பலப்படுத்தப் போய் ஒரு வைரஸ் கிளம்பி நெற்றி மேடு கரைந்துபோனது என்று காரணம் கட்டினார்கள். பொட்டு இடம் மாறியதற்குப் புராணம் எழுதிய கதை.

சரி, ஒருவழியாகத் தீர்ந்தது என்று பார்த்தால், 2017-ல் 'டிஸ்கவரி' வந்தது. கிர்க் காலத்துக்குப் பத்து வருஷம் முன்னால் நடக்கிற கதை. அதில் க்ளிங்கானுக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை, மண்டை நீண்டுவிட்டது, ஒட்டிய பாகங்கள் மிகுந்து நடிகர்கள் வசனம் பேசுவதே பாடாகத் தெரிந்தது. ரசிகர்கள் விடுவார்களா? 2019-ல் இரண்டாம் சீசனில் முடி வந்துவிட்டது. போருக்காக மழித்திருந்தோம், இப்போது வளர்த்துக்கொண்டோம் என்று காரணம் சொன்னார்கள். நான் சொன்ன சாட்சி இதுதான்: கத்தியது 2017-ல், முடி முளைத்தது 2019-ல். 2023-ல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரில் பழைய மேட்டு நெற்றியே சத்தமில்லாமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை காரணம் சொல்லவில்லை, யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

இதெல்லாம் வெட்டி வேலை என்று நினைக்கிற நேயர்கள் இருக்கலாம். காரைக்குடிக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிற ஊர். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் தொடாமல், பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்கிறான். ஏன் மாற்றினான்? தமிழ்ப் பண்பு என்று ஒருவர் சொல்வார், இராவணனுக்கு இருந்த சாபம் என்று ஒருவர் சொல்வார். பந்தலில் கூட்டம் அசையாமல் கேட்கும். கதைக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதும், இடித்த இடத்துக்கு உரை சொல்வதும் கதைமேல் பிரியம் உள்ளவர்கள் செய்கிற வேலை. நெற்றி மேட்டுக்குக் காரணம் தேடியவர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

டிஸ்கவரி விஷயத்தில் இன்னொரு கோபமும் கலந்திருந்தது. அமெரிக்காவில் முதல் எபிசோடை மட்டும் வழக்கமான தொலைக்காட்சியில் காட்டிவிட்டு, மீதியைச் சந்தா கட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பந்தியில் உட்கார வைத்துப் பாயசத்துக்கு மட்டும் டிக்கெட் போட்டால் என்ன பேச்சு வரும்? "பாயசம் சரியில்லை" என்றுதான் வரும். கதையைத் திட்டியதில் சந்தா எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கப்பலின் தோற்றமும் அப்படித்தான். 1966-ல் ஒட்டுப்பலகையும் வண்ணப் பொத்தானுமாகக் காட்டிய காலத்துக்கு முந்தைய கப்பல், 2017-ல் எடுக்கும்போது பளபளவென்று இருந்தது. வளவில் உடைந்த ஒரு கல்லுக்குப் பதிலாக ஆத்தங்குடியிலிருந்து புதுக்கல் வாங்கிப் பதித்துப் பாருங்கள். அதே பூ, அதே கட்டம். ஆனால் சுற்றியிருக்கிற கல் எத்தனையோ கால் பட்டு மினுங்குகிறது, இது மட்டும் தனியாகத் தெரியும். கல்லில் குறையில்லை.

ஆகவே ஒரு புதுத் தொடரைப் பற்றி யாராவது பேசினால் முதலில் எப்போது பேசினார் என்று பாருங்கள். ஒளிபரப்புக்கு முன்னால் என்றால் அது உடுப்பு, வெளிச்சம், முகம் பற்றித்தான் இருக்க முடியும். பார்த்தது ஒன்றரை நிமிட முன்னோட்டம்தானே. முதல் வாரம் என்றால் பெரும்பாலும் கதைக் கணக்கு இடிக்கிற குறை. நான்கைந்து எபிசோடு கழித்து, "இன்ன பாத்திரம் இன்ன காட்சியில் இப்படி நடந்துகொண்டது, அதற்கு முன்னால் காரணமே காட்டவில்லை" என்று ஒருவர் சொன்னால் காது கொடுங்கள், அவர் தொடரைப் பார்த்திருக்கிறார். வெறுமே "முன்ன மாதிரி இல்லை" என்றால் அது ஆச்சி கணக்கு. புகழ்ச்சிக்கும் இதே தராசுதான். பழைய கப்பலையோ பழைய இசையையோ காட்டியவுடன் கைதட்டுவதும் புதுத் தொடருக்கு விழுந்த கைதட்டல் இல்லை.

புதிதாகப் பார்க்க நினைக்கிறவர்கள்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. 1987-ன் முதல் எபிசோடில் ஆரம்பிக்காதீர்கள், 1989-ன் மூன்றாம் சீசனில் ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், பெரும்பாலும் தனித்தனிக் கதை. புதியதில் வேண்டுமானால் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்', அதுவும் வாரம் ஒரு கதை பாணிதான். முடிவை முன்கூட்டிச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறவர்களைப் பற்றித் தனியாகவே வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை.

பாட்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் 'எண்டர்பிரைஸ்' தொடங்கியபோது, வழக்கமான வாத்திய இசைக்குப் பதில் முகப்பில் ஒருவர் பாட்டுப் பாடினார். எடுத்துவிடச் சொல்லி ரசிகர்கள் மனுப் போட்டார்கள். மூன்றாம் சீசனில் மாற்றினார்கள். பாட்டை எடுக்கவில்லை, அதே பாட்டுக்குத் தாளத்தைக் கூட்டித் துள்ளலாகப் போட்டார்கள். முன்னதே தேவலை என்று மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். மணி அடித்துவிட்டது. வணக்கம்.